செப்டெம்பரில் ஒரு வின்ரர் ஜக்கெற்

பிரான்ஸில் செப்டெம்பர் மாதம் குளிருமா, குளிராதா? எனக்கு ஒன்பது வயதான அந்தக் கோடைகாலம் முழுவதும் மொன்றியலில் எங்கள் வீட்டில் இந்த ஒரு கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

பாரிஸில் அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணர் இருந்தார். அவருடைய மகளுக்கு செப்டெம்பர் நடுப்பகுதியில் கல்யாணம். அப்பாவுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. ஆகவே அம்மாவும் நானும் மாமாவும் போவதென்று முடிவாயிற்று. மாமா அம்மாவின் ஒரே தம்பி. கல்யாணம் முடிந்ததும் ஒரு காரை வாடகைக்கு எடுத்து, லியோன் பக்கமாக இறங்கி, தெற்கே லூர்து மாதா கோயில்வரை போய் வருவதென்று அம்மா திட்டம் போட்டிருந்தார். கார் ஓட்டுவதற்கு மாமா. அம்மாவின் உண்மையான திட்டமும் மாமாதான். அவருக்கு முப்பத்தேழு வயதாகியும் கல்யாணம் சரிவரவில்லை. அம்மா கொண்டுவந்த சம்பந்தங்களையெல்லாம் அவர் ஏதோ ஒரு சாட்டுச் சொல்லித் தட்டிக்கொண்டே வந்தார்.

வெள்ளிக்கிழமை தவறாமல் சென் ரெஜி வீதி முருகன் கோயிலுக்குப் போகிற அம்மாவுக்கு லூர்து மாதாவிடம் என்ன வேலை என்று அப்பா கேட்டார்.

"முருகன் தனக்கு ரெண்டைக் கட்டிப்போட்டு என்ர தம்பியை மறந்திட்டார். இனி மாதாவைத்தான் கேக்கவேணும்" என்றார் அம்மா.

குளிர் விஷயத்தில் அம்மா யாரையும் நம்புவதில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அவர் மொன்றியலுக்கு வந்து இறங்கியது ஒரு ஜனவரி மாதத்தில். உடம்பில் நூல் சேலை, காலில் செருப்பு. விமான நிலையத்துக்கு அப்பா ஒரு ஜக்கெற்றைக் கொண்டு போயிருந்தார். சப்பாத்தைக் கொண்டுபோக மறந்துவிட்டார். அந்த மறதியை அம்மா அப்போதும் மன்னித்திருக்கவில்லை. வருடத்தில் இரண்டு மூன்று தடவையாவது சாப்பாட்டு மேசையில் அந்தச் செருப்பு வந்து போகும்.

ஆகவே பாரிஸுக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்தார். பெரியப்பா, நல்ல வெயில், மெல்லிய உடுப்புப் போதும் என்றார். பெரியம்மா அவரிடமிருந்து தொலைபேசியைப் பறித்து, விடியக் குளிரும் என்றார். கோயிலில் சந்தித்த ஒருவர், அங்கே குளிரும் இல்லை வெயிலும் இல்லை, மழைதான் என்றார். அம்மா மூவரையும் முழுமையாக நம்பினார். அதாவது வெயிலுக்கு ஒரு பெட்டி, குளிருக்கு ஒரு பெட்டி, மழைக்கு ஒரு பை. பேஸ்மென்ற் கட்டிலில் உடுப்புகள் குவியல் குவியலாக ஏறின. கல்யாணச் சேலைகள் ஒரு பக்கம், கம்பளிச் சுவெற்றர்கள் ஒரு பக்கம். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்க்கும்போதெல்லாம் ஒரு குவியல் வளர்ந்திருக்கும், இன்னொன்று இடம் மாறியிருக்கும். அம்மா நடுவில் நின்று ஒரு சுவெற்றரைத் தூக்கிப் பார்ப்பார், வைப்பார், மறுபடியும் தூக்குவார்.

மாமாவுக்கென்று புதிதாக ஒரு கோட் சூட் வாங்கி, அதைத் தன்னுடைய பெட்டியின் அடியிலேயே வைத்துக்கொண்டார். மாமாவை நம்பி அதைக் கொடுத்தால் வேண்டுமென்றே விட்டுவிட்டு வருவான் என்பது அவருடைய கணிப்பு. பாரிஸ் கல்யாணத்துக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து சனம் வரும், பெண் பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மாரும் வருவார்கள் என்று அம்மா கணக்குப் பார்த்து வைத்திருந்தது எனக்குக்கூடத் தெரியும்.

"எனக்கு நாலு சேட்டும் ஒரு ஜீன்ஸும் காணும், அக்கா. ஒரு தோள் பையோடை வருவன்" என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமா சென்ட் லோரன்ட்டில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். பக்கத்திலேயே வாடகைக்கு ஒரு சின்ன வீடு. அதன் சமையலறை ஜன்னலில் நின்றால் விமானங்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு தாழ இறங்குவது தெரியும். சனிக்கிழமைகளில் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போவார். பயணத்துக்குக் கொஞ்ச நாள் முந்திய ஒரு சனிக்கிழமை, வீட்டுக்குப் போகாமல் காரை ஒரு கடைத்தொகுதிக்குத் திருப்பினார். உள்ளே போய் நேரே சிறுவர் பகுதிக்கு நடந்து, பனிக்காலத்து ஜக்கெற்றுகள் தொங்கிய இடத்தில் நின்றார். வெளியே ஆட்கள் கட்டைக் காற்சட்டையோடு ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டு போனார்கள்.

"இதை ஒருக்காப் போட்டுப் பார், பிள்ளை."

போட்டுப் பார்த்தேன். ஆண் பிள்ளைகள் போடுகிற மாதிரி. ஆனாலும் நல்ல தடிப்பு. தொப்பியைச் சுற்றி மிருக மயிர் மாதிரி ஒன்று, உள்ளே ஒரு இரகசியப் பை. என்னுடைய பழைய ஜக்கெற் மண்ணிறம். யாரோ ஒரு அக்கா போட்டு முடித்துக் கொடுத்தது.

"சிவப்போ, நீலமோ?"

"ஆருக்கு?"

"துலூஸிலை என்ர சிநேகிதம் ஒண்டு இருக்கு. அவையின்ர பெடியனுக்கு. உன்ர வயசுதான், உன்ர உயரம்தான்."

மாமா சிநேகிதன் என்றும் சொல்லவில்லை, சிநேகிதி என்றும் சொல்லவில்லை. சிநேகிதம் என்றார். தமிழில் இப்படியொரு வசதி இருப்பதை நான் கவனித்தது பல வருடங்களுக்குப் பிறகு.

"அங்கை ஸ்நோ கொட்டுமோ?"

"கொட்டாது."

"அப்ப ஏன்?"

மாமா ஜக்கெற்றின் தடிப்பைத் தடவிப் பார்த்தபடி, "தேவைப்படும்" என்றார்.

"அவன்ர அப்பா வாங்கிக் குடுக்க மாட்டாரோ?"

"அவன்ர அப்பா இல்லை."

எங்கள் வீட்டுத் தொலைபேசியை எடுத்து நான் அடிக்கடி சொல்கிற வசனம் அது. அப்பா இல்லை, வேலைக்குப் போயிட்டார், பேந்து எடுங்கோ. ஆகவே அந்தப் பெடியனின் அப்பாவும் என் அப்பாவைப்போல ஓவர்டைம் செய்கிறவர் என்று தீர்மானித்துக்கொண்டேன். அதற்கு மேல் அதில் யோசிக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

சிவப்பு என்றேன். யாருக்கோ என்று தெரிந்தும், எனக்குப் பிடித்த நிறத்தைத்தான் சொன்னேன். மாமா அதையே வாங்கினார். காரில் ஏறியதும், "அம்மாவுக்கு இப்ப சொல்லாதை, பேந்து நான் சொல்லுறன்" என்றார். நான் தலையாட்டினேன். பெரியவர்கள் என்னை நம்பி ஒரு இரகசியம் சொல்வது அதுவே முதல் தடவை. அதில் இரகசியம் என்று என்ன இருக்கிறது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் தோள் பை இல்லை, ஒரு பெரிய பெட்டி. அம்மாவுக்குச் சந்தோஷம். அவருடைய பெட்டிகள் எல்லாம் நிறைந்து வழிந்தன. பெரியம்மாவுக்கு வறுத்து இடித்த மிளகாய்த்தூளும் சொந்தக்காரர்களுக்கு மேப்பிள் மரத்து இனிப்புப் பாணி டின்களும் இன்னும் தரையில் கிடந்தன. பாரிஸில் லா ஷப்பல் தமிழ்க் கடைகளில் கிடைக்காத தூளா என்று அப்பா கேட்டதை யாரும் காதில் வாங்கவில்லை. அம்மா தொங்கு தராசைக் கொண்டுவந்து மாமாவின் பெட்டியில் கொளுவித் தூக்கினார். பாரம் பரவாயில்லை, ஆனால் பெட்டி ஊதிப்போய் இருந்தது.

"நாலு சேட்டு எண்டனி. என்னடா இவ்வளவு வீக்கம்? திற பாப்பம்."

மாமா சட்டென்று பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். "அக்கா, இதுக்குள்ளை ஆம்பிளை உடுப்பு."

"உனக்குப் பிறந்த நாளிலையிருந்து உடுப்புப் போட்டுவிட்டதே நான்தான். எழும்பு."

"டின்னுகளைத் தாங்கோ, நானே அடுக்கி வைக்கிறன்."

பெட்டியையும் டின்களையும் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போனார். போகும்போது என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். பின்னால் போனேன். பெட்டிக்குள் பாதி இடத்தைச் சிவப்பு ஜக்கெற் பிடித்திருந்தது. அதை வெளியே எடுத்தால்தான் டின்கள் உள்ளே போகும். மாமா ஜக்கெற்றைப் பார்த்தார், டின்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு நீ இதைப் போட்டுக்கொண்டு வாறியோ?"

அப்படித்தான் செப்டெம்பர் மாதத்து நல்ல வெயிலில், தடித்த பனி ஜக்கெற் போட்டுக்கொண்டு நான் விமான நிலையத்துக்குள் நடந்து போனேன். காரில் இருந்து இறங்கிய பிறகுதான் அம்மா என்னைச் சரியாகப் பார்த்தார்.

"இந்த ஜக்கெற் எங்காலை வந்தது?"

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா வண்டிலில் பெட்டிகளை ஏற்றியபடியே சொன்னார்: "லூர்து மலையடி, அக்கா. விடிய நல்லாக் குளிரும்."

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை என்று மாமா இன்றுவரை வாதாடுவார். லூர்து மலையடியில்தான் இருக்கிறது. விடியக் குளிரத்தான் செய்யும். அம்மாவோ அதற்கு மேல் கேட்கவில்லை. குளிர் என்ற சொல்லுக்கு அவரிடம் மறுபேச்சுக் கிடையாது. "பாத்தியோ, நான் சொல்லச் சொல்ல நீங்கள் எல்லாரும் சிரிச்சனீங்கள். இவனுக்காவது அறிவு வந்துது" என்று சொல்லி, என் கழுத்துவரை சிப்பை இழுத்து மூடிவிட்டார். தம்பி தன் மகளுக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்திருக்கிறான் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவருடைய முகத்தில் அது தெரிந்தது. பரிசோதனை வரிசையில் நின்ற பெரிய மீசைக்காரர் ஒருவர் பிரெஞ்சில், "வட துருவத்துக்கா, மதமுவாசெல்?" என்று கேட்டார். வேர்வை முதுகில் ஓட, பிரான்ஸுக்கு என்று பெருமையாகச் சொன்னேன்.

பாரிஸில் வெயில் கொளுத்தியது. பெரியப்பா சொன்னதுதான் சரி. கல்யாண மண்டபத்தில் எல்லோரும் கை விசிறிக்கொண்டு நின்றார்கள். மாமா கோட் சூட்டுக்குள் அவிந்துகொண்டு நின்றார். அம்மா அவரை ஒவ்வொரு மேசையாகக் கூட்டிக்கொண்டு போய், "தம்பி, மொன்றியல். குடியில்லை, புகையில்லை, பிள்ளையளெண்டால் உயிர்" என்று அறிமுகம் செய்தார். மாமா எல்லோரையும் கும்பிட்டார். சாப்பாடு தொடங்கியபோது ஆளைக் காணவில்லை. அம்மா என்னைத் தேட அனுப்பினார். கார் நிறுத்துமிடத்தில் ஒரு மரத்தடியில், கழுத்துப் பட்டியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு, தொலைபேசியில் கதைத்துக்கொண்டு நின்றார்.

"ஓம், சிவப்புத்தான். என்ர மருமகள் தெரிஞ்செடுத்தவள்" என்றவர், என்னைக் கண்டதும் சிரித்து, "இஞ்சை நிக்கிறா ஆள்" என்றார். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் மாமாவிடம் அதற்கு முன் பார்த்ததில்லை. இலைக்குச் சோறு போட்டாயிற்று என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

பிறகு தெற்கு நோக்கிப் பயணம். பின் இருக்கையில் நான், பக்கத்தில் ஜக்கெற். காருக்குள் வெக்கை, அதைப் போட முடியாது. தலையணையாக வைத்துக்கொண்டு படுத்தேன். லியோனில் ஒரு பூங்காவில் மரங்களுக்குக் கீழே பழுப்பு இலைகளோடு பளபளப்பான கொட்டைகள் விழுந்து கிடந்தன. நல்லவையாகப் பொறுக்கி அதன் இரகசியப் பைக்குள் போட்டேன். ஹொட்டேலில் கொடுத்த சின்னச் சவர்க்காரத்தையும் போட்டேன். அதை மடித்து வைப்பதும், சிப்பை ஏற்றி இறக்குவதும், மயிர்த் தொப்பியைக் கன்னத்தில் உரசிக்கொள்வதுமாக வழி முழுவதும் போயிற்று. மாமா துலூஸை மறந்துவிடுவார் என்று மெல்ல மெல்ல ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. மறக்காவிட்டாலும் அந்தச் சிநேகிதம் வீட்டில் இல்லாமல் போகலாமே.

அம்மா முன்னுக்கு இருந்து கல்யாண வீட்டில் கண்ட பெண்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டே வந்தார். ஒருத்தி லண்டனில் கணக்காளர், ஒருத்தி ஜெர்மனியில் தாதி. மாமா வீதியைப் பார்த்து "ம்" போட்டார். இடையில், "போற வழியிலை துலூஸிலை ஒரு வீட்டை இறங்கித் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம், அக்கா" என்றார். அம்மாவும் ஓம் என்றார்.

துலூஸுக்குக் கொஞ்சம் முன்னால், நெடுஞ்சாலையோரம் இளைப்பாறும் இடம் ஒன்றில் காரை நிறுத்தி, மாமா கழிப்பறைக்குப் போனார். திரும்பி வரும்போது வேறு சேட்டுப் போட்டிருந்தார். வெளிர் நீலம், புத்தம் புதிது. தலை ஈரமாக வாரியிருந்தது. அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரு தேத்தண்ணி குடிக்கவோ புதுச் சேட்டு?"

"பழையது வேர்த்துப்போச்சு."

கோட் சூட்டுக்குள் அரை நாள் வேர்த்தபோது கவலைப்படாதவர் இப்போது ஏன் கவலைப்படுகிறார் என்று அம்மா கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு லண்டன் பெண்ணைப் பற்றியும் கதைக்கவில்லை.

அந்த வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. மாமா முன்னால் ஏறினார். யாரையும் விசாரிக்கவில்லை, கதவு இலக்கமும் பார்க்கவில்லை. கதவைத் திறந்தவர் ஒரு பெண். மெலிந்தவர், அம்மாவைவிட இளையவர், நீலச் சுரிதார் போட்டிருந்தார். "வாங்கோ, அக்கா" என்றார். நாங்கள் உட்கார்ந்தோம். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. அவர் சிறுபிள்ளைகள் காப்பகம் ஒன்றில் சமைக்கிறார் என்று மாமா சொன்னார். அம்மா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"உங்கட அவர் வேலையோ?"

"அவர் இல்லை, அக்கா."

இங்கேயும் ஓவர்டைம்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அம்மா மெல்லத் திரும்பி மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, அதைத் தா."

அறை வாசலில் ஒரு பெடியன் நின்றான். மெல்லிய கால்கள், பெரிய கண்கள். நான் ஜக்கெற்றை இறுக்கிப் பிடித்தேன். மாமா பக்கத்தில் வந்து குனிந்து, கெஞ்சுகிற மாதிரி மறுபடியும் கையை நீட்டினார். கொடுத்தேன். மாமா அதைப் பெடியனுக்குப் போட்டு, சிப்பைத் தாடைவரை ஏற்றி, தொப்பியையும் தலையில் போட்டுவிட்டார். அந்த வெக்கையில் அவன் முகம் உடனே சிவந்தது. ஆனாலும் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விறைப்பாக வைத்துக்கொண்டு, யாரும் கழற்றிவிடுவார்களோ என்று பயப்படுகிறவன் மாதிரி நின்றான்.

நான் அழத் தொடங்கினேன். வழக்கமாக இப்படி அழுதால் அம்மாவின் கண் என் பக்கம் பாயும். அன்று அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெடியனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஜக்கெற்றின் தடிப்பை, தொப்பி மயிரை, கழுத்தில் தொங்கிய சீட்டை. அது எவ்வளவு குளிருக்குப் போடுகிற ஜக்கெற் என்று மொன்றியலில் இருக்கும் எந்தத் தாய்க்கும் பார்த்தவுடன் தெரியும்.

"துலூஸிலை ஸ்நோ கொட்டுமோ?" என்று அம்மா கேட்டார்.

கடையில் நான் கேட்ட அதே கேள்வி. அந்தப் பெண் கொண்டுவந்த தேநீர்த் தட்டை மேசையில் வைத்தார். மாமாதான் பதில் சொன்னார்.

"கொட்டாது, அக்கா."

அம்மா எழுந்து பல்கனிக் கதவைத் திறந்தார். "வெளியிலை வா" என்றார். மாமா போனார். கதவு மூடிக்கொண்டது.

அந்தப் பெண் என்னையும் பெடியனையும் அறைக்குள் அனுப்பிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். பெடியனுக்குத் தமிழ் விளங்கியது கொஞ்சம்தான், கதைப்பது அதைவிடக் கொஞ்சம். நாங்கள் பிரெஞ்சில் கதைத்தோம். என் பிரெஞ்சைக் கேட்டு அவன் சிரித்தான். அவனுடைய பிரெஞ்சைக் கேட்டு நானும் சிரித்தேன். கையுறையை நான் மித்தேன் என்றேன், அவன் மூஃபிள் என்றான். பிறகு அவன் கேள்விகள் கேட்கத் தொடங்கினான். பனி முழங்கால்வரை வருமா? பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகலாமா, பஸ்ஸா? சமையலறை ஜன்னலில் நின்றால் விமானத்தின் சக்கரம்கூடத் தெரியுமாமே, உண்மையா?

உண்மைதான் என்றேன். துலூஸில் இருக்கிற ஒரு பெடியனுக்குச் சென்ட் லோரன்ட் வீட்டுச் சமையலறை ஜன்னல் எப்படித் தெரியும் என்று ஒரு கணம் யோசித்தேன். மாமா சொல்லியிருப்பார் என்று விட்டுவிட்டேன். மொன்றியல்காரி என்ற பெருமையில், பனி கழுத்துவரை வரும், பிள்ளைகள் காணாமல் போவதும் உண்டு என்று அளந்துவிட்டேன். அவன் பயந்து சிப்பை இன்னும் மேலே இழுத்தான். இன்று அவன் என்னைவிட ஒரு முழம் உயரம். மார்கழியில் காருக்கு மேலிருந்து பனியை வழித்துத் தள்ளும்போது, அன்று நான் சொன்னதையெல்லாம் நம்பியதற்காக என்னைத் திட்டுவான்.

இரகசியப் பைக்குள் கையை விட்டு என்னுடைய கொட்டைகளைக் கண்டுபிடித்தான். ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு, மற்றவற்றை என்னிடம் தந்தான். சவர்க்காரத்தை மணந்து பார்த்துவிட்டு அதையும் தந்தான். அதன்பிறகு எனக்கு அழுகை நின்றுவிட்டது.

அறை ஜன்னலால் பல்கனி தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை. அம்மாவின் கை மேலும் கீழும் போனது. அது திட்டும்போது போகிற கை. மாமா குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீண்ட நேரம் அம்மாதான் கதைத்தார். பிறகு திடீரென்று கை நின்றது. அம்மா மாமாவின் நெஞ்சுக்குக் கிட்டக் குனிந்தார். புதுச் சேட்டின் முன்பக்கத்தில், அளவு எழுதிய நீளமான கண்ணாடித்தாள் சீட்டு ஒன்று உரிக்கப்படாமல் அப்படியே ஒட்டியிருந்தது. அவ்வளவு நேரமும் எங்களில் ஒருவரும் அதைக் கவனித்திருக்கவில்லை. அம்மா அதை மேலிருந்து கீழாக மெதுவாக உரித்து எடுத்தார்.

வளர்ந்த பிறகு ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன், அன்று பல்கனியில் மாமா என்ன சொன்னார் என்று.

"அவன் எங்கை சொன்னவன்? நான்தான் கத்தினன். எனக்கு ஒளிச்சிட்டாய், ஊர்ச் சனம் என்ன சொல்லும், வேறை ஒருத்தன்ர பிள்ளையை வளப்பியோ எண்டெல்லாம் கேட்டன். எல்லாத்துக்கும் பேசாமல் நிண்டான். பாத்தா, அந்தச் சீட்டு. முப்பத்தேழு வயசிலை, எனக்குப் பயந்து, புதுச் சேட்டையும் போட்டுக்கொண்டு, அந்தப் பிள்ளைக்கு ஜக்கெற்றையும் வாங்கிக்கொண்டு வந்து நிக்கிறான். அதுக்குப் பிறகு நான் என்னத்தைக் கதைக்கிறது?"

ஆனால் அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா உள்ளே வந்தபோது அவருடைய மூக்கு சிவந்திருந்தது என்பது மட்டும்தான். அவர் நேரே சமையலறைக்குப் போனார். அங்கே என்ன கதைத்தார்கள் என்பதும் கேட்கவில்லை. தண்ணீர்க் குழாயின் சத்தம் கேட்டது, பிறகு எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம். தேநீர் குடிக்க வந்தவர்கள் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டோம். மாமா சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டார். பெடியன் ஜக்கெற்றைக் கழற்றாமலே சாப்பிட்டான். அவனுடைய அம்மா கழற்றச் சொன்னபோது, "விடும், போட்டுக்கொண்டு இருக்கட்டும்" என்று அம்மா தடுத்துவிட்டார். வரும்போது "நீங்கள்" என்று தொடங்கியவர் சாப்பாட்டுக்குள், சொந்தத்தில் இளையவர்களுக்குச் சொல்கிற "நீர்" என்பதற்கு வந்துவிட்டிருந்தார். அதையும் நான் கவனிக்கவில்லை.

புறப்படும்போது வாசலில் அம்மா பெடியனுக்கு முன்னால் முழங்காலில் உட்கார்ந்தார். ஜக்கெற்றின் கை அவனுடைய விரல்களை மூடிக்கொண்டு தொங்கியது. இரண்டு கைகளையும் ஒழுங்காக மடித்துவிட்டார்.

"கொஞ்சம் நீளம்தான். இந்த வின்ரருக்கு மடிச்சுவிடுவம். அடுத்த வின்ரருக்கு அளவாயிருக்கும்."

பெடியனுக்கு அது முழுவதும் விளங்கியிருக்காது. ஆனாலும் மரியாதை தெரிந்த பிள்ளை. "மெர்சி, அன்ரி" என்றான்.

"அன்ரி இல்லை" என்றார் அம்மா. "மாமி. மாமி எண்டு கூப்பிடு."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். மொழிபெயர்த்துச் சொல்லவேண்டியது என் பொறுப்பாயிற்று. பிரெஞ்சில் வழியில் காண்கிற அன்ரிக்கும் தாந்த்தான், அப்பாவின் அக்காவான மாமிக்கும் தாந்த்தான். எனக்கு வேறு சொல் தெரியாது. ஆகவே எனக்குத் தெரிந்தபடி சொன்னேன்: "தன்னைத் தாந்த் என்று கூப்பிடவேண்டாமாம். தாந்த் என்று கூப்பிடட்டாம்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. இந்த அம்மாவுக்கு என்ன பிடித்துவிட்டது என்று இருவரும் கதவைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தோம். நிமிர்ந்து பார்த்தபோது, அவனுடைய அம்மா சுரிதாரின் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். மாமா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். இவ்வளவு பெரிய பகிடிக்கு அவர்கள் ஏன் சிரிக்கவில்லை என்று எனக்கு விளங்கவே இல்லை.